லேசர் கத்தியும் செடியின் செல்லும்: ஒரு சின்ன வரலாறு

பயோடெக் படித்த எல்லோரும் ஒருமுறையாவது செய்திருப்போம். ஓர் இலையைப் பறித்து, திரவ நைட்ரஜனை ஊற்றி, பீங்கான் உரலில் போட்டு மாவாக அரைத்து, அதிலிருந்து ஆர்.என்.ஏ. பிரித்தெடுப்போம். கடைசியில் டியூபின் அடியில் ஒரு துளி வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வைத்து "இந்த இலையில் இந்த மரபணு வேலை செய்கிறது" என்று ரெக்கார்ட் நோட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடுவோம். இலையில் என்றால் இலையில் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டாலும் பதில் சொல்ல முடியாது. சட்னி அரைத்த பிறகு மிளகாய் எந்தப் பக்கம் கிடந்தது என்று கேட்கிற மாதிரிதான் அது. காரம் இருக்கிறது என்று நாக்கு சொல்லும், அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது.

உயிரியல் படிக்காத நண்பர்களுக்காக இரண்டு வரி. ஒரு செடியின் வேர் செல்லிலும் இலை செல்லிலும் இருக்கும் டி.என்.ஏ. ஏறக்குறைய ஒன்றேதான். எந்த மரபணு எந்த செல்லில் தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு. இதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம். ஆக, 'எங்கே' என்பதை விட்டுவிட்டு மரபணு வெளிப்பாட்டைப் பேசினால் பாதிக் கதை போய்விடும்.

மக்காச்சோளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இலையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், ஒவ்வொரு நரம்பைச் சுற்றியும் பெரிய செல்கள் மாலை கட்டியதுபோல் நிற்கும். ஹேபர்லாண்ட் என்ற தாவரவியலாளர் 1880களிலேயே இதைப் பார்த்து, ஜெர்மன் மொழியில் மாலை என்று பொருள்படும் 'கிரான்ஸ்' என்ற பெயரில் எழுதினார். அந்த மாலையில் என்ன நடக்கிறது என்று புரிய ஏறக்குறைய எண்பது வருடம் ஆயிற்று. வெளியே உள்ள இலையிடைத்திசு செல் கரியமில வாயுவை முதலில் பிடித்து நான்கு கார்பன் அமிலமாக்குகிறது. உள்ளே உள்ள கற்றை உறை செல் அதை வாங்கி, வாயுவைத் திரும்பப் பிரித்துச் சர்க்கரையாக்குகிறது. ஹாட்ச், ஸ்லாக் இருவரும் 1966-ல் விளக்கிய சி4 பாதை இதுதான். இரண்டு அறைகள், இரண்டு வேலைகள். இலையை மொத்தமாக அரைத்தால் இரண்டு அறையின் என்சைம்களும் ஒரே குழம்பில் வந்துவிடும். மக்காச்சோளத்தில் கற்றை உறை செல்லின் சுவர் தடிமனாக இருப்பதால், மெதுவாக அரைத்து வெளி செல்களை முதலில் உடைத்து, பிறகு உள் செல்களைத் தனியாக உடைக்க முடிந்தது. அது அதிர்ஷ்டம். எல்லாச் செடியிலும் எல்லா செல்லுக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்காது.

கண்ணால் பார்த்து 'இந்த செல் வேண்டும், பக்கத்து செல் வேண்டாம்' என்று எடுக்கும் முறைதான் லேசர் நுண்வெட்டு. இதைப் பற்றிப் பாடத்தில் பெரும்பாலும் ஒரே வரிதான் வரும். புற்றுநோய் ஆராய்ச்சியில் பிறந்தது, பின்னர் தாவரங்களுக்கும் பயன்பட்டது என்கிற ரீதியில். இந்தப் 'பின்னர்' என்ற ஒரு சொல்லுக்குள் ஆறு வருடப் போராட்டம் ஒளிந்திருக்கிறது என்பதுதான் என் கட்சி. அதைவிட முக்கியமாக, அந்த வரியைப் படித்தால் தாவரவியல்காரர்கள் யாரோ வாங்கி வைத்த கருவியை இரவல் வாங்கியதுபோல் தோன்றும். அது நியாயமில்லை.

முதலில் கருவியின் வம்சாவளியைப் பார்த்துவிடுவோம். ஒளிக்கற்றையால் ஒரு செல்லைத் தொடும் எண்ணம் லேசரைவிடப் பழையது. ரஷ்யரான செர்கேய் சகோத்தின் 1912-ல் புற ஊதாக் கதிரைக் குவித்து ஒற்றை செல்லின் ஒரு சிறு பகுதியை மட்டும் குத்தும் முறையை வெளியிட்டார். (இதே மனிதர்தான் 1930களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் நாஜிகளுக்கு எதிராக 'மூன்று அம்புகள்' சின்னத்தை உருவாக்கியவர். செல்லைக் குத்தியவர் ஸ்வஸ்திகாவையும் குத்தினார் என்று வைத்துக்கொள்ளலாம்.) 1960-ல் மைமன் முதல் லேசரை ஒளிரவிட்டார். இரண்டே வருடத்தில் பிரான்சில் பெசீஸ் குழுவினர் அதை நுண்ணோக்கியில் பொருத்தி செல்கள் மேல் பாய்ச்சிவிட்டார்கள். 1976-ல் மயர்-ரூகே குழு, உறையவைத்து உலர்த்திய திசுச் சீவல்களை லேசரால் வெட்டி எடுத்துக் காட்டியது. ஆனால் அப்போது அது ஒரு சில ஆய்வகங்களின் கைவேலையாகவே நின்றுவிட்டது. ஒரு சில செல்லிலிருந்து கிடைக்கும் அற்ப ஆர்.என்.ஏ.வை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அன்றைக்கு யாருக்கும் வழி தெரியாது. பி.சி.ஆர். எல்லாம் 1980களில்தான் வந்தது.

1996-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் எம்மர்ட்-பக், லியோட்டா, போன்னர் முதலானோர் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரைதான் திருப்புமுனை. அவர்களுடைய சிக்கலும் சட்னிச் சிக்கல்தான். புற்றுநோய்க் கட்டியை அரைத்தால் புற்று செல்லோடு நல்ல செல், ரத்தக்குழாய், அழற்சி செல் எல்லாம் சேர்ந்து வரும். அவர்கள் செய்தது எளிமையான தந்திரம். கண்ணாடித் தகட்டில் திசுச் சீவல். அதன் மேல் சூட்டில் இளகும் மெல்லிய பிளாஸ்டிக் படலம். நுண்ணோக்கியில் பார்த்து, வேண்டிய செல்லுக்கு நேர் மேலே அகச்சிவப்பு லேசரை ஒரு கணம் பாய்ச்சினால் அந்த இடத்தில் மட்டும் படலம் உருகி செல்லைப் பற்றிக்கொள்ளும். படலத்தைத் தூக்கினால் செல்லும் கூடவே வரும். வெப்பத்தைப் பெரும்பாலும் படலமே வாங்கிக்கொள்வதால் செல்லுக்குள் இருப்பது கெடுவதில்லை. கோந்து தடவிய விரலால் பொட்டு எடுக்கிற மாதிரி.

ஜெர்மனியில் இன்னொரு வழி வளர்ந்தது. ஷூட்சே, லார் இருவரும் 1998-ல் எழுதிய முறையில் புற ஊதா லேசர் செல்லைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டும். பிறகு அடியிலிருந்து ஒரு லேசர் உதை. வெட்டிய துண்டு மேலே பறந்து மூடியில் போய் ஒட்டிக்கொள்ளும். உண்மையிலேயே கவண்கல் மாதிரிதான். ஒட்டி இழுப்பதைவிட இந்த வெட்டும் முறை செடிகளுக்கு ஏற்றது என்பது என் எண்ணம். காரணம் அடுத்த பத்தியில் வருகிறது.

சரி, 1996-லேயே கருவி தயார். செடிக்கு ஏன் 2002 வரை ஆயிற்று?

பதிலைத் தேடி 1665-க்குப் போக வேண்டும். அந்த வருடம் ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்து, வரிசை வரிசையான குட்டி அறைகளைக் கண்டு அவற்றுக்கு 'செல்' என்று பெயர் வைத்தார். அவர் பார்த்தது உயிருள்ள எதையும் அல்ல, காலி அறைகளின் சுவரை மட்டும்தான். செல் என்ற பெயருக்கே காரணமான அந்தச் சுவர்தான் முந்நூற்று சொச்சம் வருடம் கழித்து லேசருக்கும் குறுக்கே நின்றது. விலங்குத் திசுவில் செல்லுக்கு இப்படிச் சுவர் கிடையாது, இழுத்தால் வந்துவிடும். செடியில் பக்கத்துப் பக்கத்து செல்கள் பெக்டின் என்ற பசையால் சுவரோடு சுவராக ஒட்டியிருக்கின்றன. இழுத்தால் ஒன்று வராது, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும்.

சுவர் மட்டுமல்ல. மருத்துவர்கள் திசுவைச் சட்டென்று உறையவைத்துச் சீவுவார்கள். செடித் திசுவில் செல்களுக்கு நடுவே காற்று இடைவெளிகள் உண்டு. உறையவைக்கும்போது அங்கே பனிப் படிகம் உண்டாகி எல்லாவற்றையும் கிழித்துவிடும். போதாக்குறைக்கு வாக்குவோல். முதிர்ந்த தாவர செல்லில் பெரும்பகுதி இடத்தைத் தண்ணீர்ப் பை மாதிரி அதுவே அடைத்துக்கொள்ளும். சைட்டோபிளாசம் சுவர் ஓரமாக மெல்லிய பூச்சாக ஒதுங்கிக் கிடக்கும். சீவும்போது பை உடைந்தால் இருக்கிற கொஞ்சநஞ்ச ஆர்.என்.ஏ.வும் இடம் பெயர்ந்துவிடும். அத்தனையையும் தாண்டி ஒரு செல் கையில் வந்தாலும் அதில் இருப்பது மிகக் குறைவு.

இந்தப் பூட்டுக்கான சாவி எந்தப் புதிய கருவியிலும் இல்லை, தாவரவியல் துறையின் பழைய அலமாரியில் இருந்தது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். திசுவை அப்படியே நிலைநிறுத்த ஃபார்மலின் போன்றவை உண்டு. அவை செல்லின் உருவத்தை அழகாகக் காப்பாற்றும். ஆனால் புரதத்தையும் ஆர்.என்.ஏ.வையும் ஒன்றோடொன்று பிணைத்து முடிச்சுப் போட்டுவிடும், பிறகு ஆர்.என்.ஏ.வை முழுசாக வெளியே எடுப்பது கஷ்டம். எத்தனாலும் அசிட்டிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று கலந்த கலவை அப்படிப் பிணைக்காது, இருந்த இடத்திலேயே படியவைக்கும். குரோமோசோம் பார்க்க வெங்காய வேர்நுனியைப் போட்டு வைப்போமே, அதே கலவைதான்! அதற்கு ஃபார்மர் கலவை என்று பெயர். விவசாயி என்ற பொருளில் அல்ல, ஜான் பிரெட்லாண்ட் ஃபார்மர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் பெயரில். மியாசிஸ் என்ற சொல்லை 1905-ல் மூரோடு சேர்ந்து புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் இவரே.

2002-ல் ஜப்பானின் அசானோ குழுவினர் நெல்லின் ஃபுளோயம் செல்களை லேசரால் எடுத்து, அவற்றில் வெளிப்படும் மரபணுக்களுக்கென்றே ஒரு சி.டி.என்.ஏ. நூலகம் அமைத்தார்கள். ஃபுளோயம் என்பது இலையில் செய்த சர்க்கரையைத் தானியத்துக்குக் கொண்டுபோகும் குழாய். நெல்லில் அது ஒரு நரம்புக்குள் பொதிந்திருக்கும் சிறு கொத்து. அரைத்தால் அதன் குரல் கேட்கவே கேட்காது.

2003-ல் அமெரிக்காவிலிருந்து இரண்டு கட்டுரைகள். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நகசோனோ, ஷ்னேபிள் குழுவினர் மக்காச்சோள நாற்றின் முளைக்குருத்து உறையை எடுத்துக்கொண்டார்கள். எத்தனால்-அசிட்டிக் அமிலத்தில் நிலைநிறுத்தி, பனிப் படிகம் உண்டாகாமல் இருக்க ஒரு பாதுகாப்புப் பொருளை ஊறவைத்து, அதன் பிறகே உறையவைத்துச் சீவி, பசை பூசிய தகட்டில் ஒட்டினார்கள். புறத்தோல் செல்கள் ஒரு பக்கம், வாஸ்குலார் திசு ஒரு பக்கம் என்று 10,000-க்கும் மேற்பட்ட செல்களைச் சேர்த்தார்கள். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து, குறி வைத்து! ஏறக்குறைய 8,800 மரபணுத் துண்டுகள் கொண்ட மைக்ரோஅரேயில் போட்டுப் பார்த்தபோது, சுமார் 250 ஏதாவது ஒரு பக்கத்தில் மட்டும் தூக்கலாகத் தெரிந்தன.

அற்ப ஆர்.என்.ஏ.வை மைக்ரோஅரேக்குப் போதும் அளவுக்குப் பெருக்கியது எப்படி? எபர்வைன் உள்ளிட்டோர் 1990-ல் வெளியிட்ட முறை கைகொடுத்தது. தூது ஆர்.என்.ஏ.விலிருந்து செய்யும் டி.என்.ஏ. படியின் நுனியில் டி7 என்ற வைரஸின் தொடக்கக் குறியைக் கோத்துவிடுவார்கள். டி7-ன் என்சைம் அந்தக் குறியைப் பார்த்து, ஒரே அச்சிலிருந்து திரும்பத் திரும்ப ஆர்.என்.ஏ. அடித்துத் தள்ளும். பி.சி.ஆரில் படியிலிருந்து படி, அதிலிருந்து இன்னொரு படி என்று இரட்டிப்பாவதால் சின்ன வித்தியாசம் பூதமாகிவிடும். இதில் எல்லாப் படியும் மூல அச்சிலிருந்தே வருவதால் விகிதம் ஓரளவு காப்பாற்றப்படும். குறை இல்லாமல் இல்லை. சுற்றுகள் கூடக் கூடத் துண்டுகள் குட்டையாகி, மரபணுவின் வால்பகுதி மட்டுமே மிஞ்சும்.

இரண்டாவது கட்டுரை யேல் பல்கலைக்கழகத்திலிருந்து. நான்சி கெர்க், திமத்தி நெல்சன் முதலானோர் எழுதியது. இவர்கள் உறையவைக்கும் தொல்லையே வேண்டாம் என்று பழைய பாரஃபின் மெழுகு முறைக்கே போனார்கள். கல்லூரி ஹிஸ்டாலஜி லேபில் மெழுகுக் கட்டியில் திசுவைப் பதித்து மைக்ரோடோமில் ரிப்பன் ரிப்பனாகச் சீவுவோமே, அதுதான். பல இனச் செடிகளில், உருவம் கெடாமல், ஆர்.என்.ஏ.வும் கெடாமல் எடுக்க முடியும் என்று காட்டினார்கள்.

இந்தக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் நான்காவதாக ஒரு பெயர் இருக்கிறது. இயன் சஸ்ஸெக்ஸ்.

நியூசிலாந்தில் பிறந்தவர். 1951-ல், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆராய்ச்சி மாணவராக இருந்த காலத்தில், உருளைக்கிழங்குச் செடியின் தண்டு நுனியில் ஒரு சோதனை செய்தார். தண்டு நுனியில் இருக்கும் ஆக்குத்திசு ஒரு மில்லிமீட்டர்கூட இராது. அதன் ஓரத்தில்தான் புது இலை முளைவிடும். இலை தோன்றப் போகும் இடத்துக்கும் ஆக்குத்திசுவின் நடுவுக்கும் இடையே, நுண்ணோக்கியின் கீழ், கையால், மிக நுண்ணிய கத்தியால் ஒரு கீறல் போட்டார். இலை வந்தது. ஆனால் மேல்பக்கம் கீழ்பக்கம் என்ற பேதமே இல்லாமல் உருண்டையான குச்சி மாதிரி வந்தது. இலை தட்டையாவதற்கு ஆக்குத்திசுவிலிருந்து ஏதோ ஒரு செய்தி போயாக வேண்டும், கத்தி அதைத் துண்டித்துவிட்டது என்பது அவர் முடிவு. அது என்ன செய்தி, எந்த செல் அனுப்புகிறது, எந்த செல் வாங்குகிறது என்று அன்றைய கருவிகளால் சொல்ல வழியில்லை. அவர் முடிவை ஏற்காதவர்களும் இருந்தார்கள்.

அந்த மனிதர் 52 வருடம் கழித்து லேசரால் செடி செல்லை எடுக்கும் முறையை எழுதியவர்களில் ஒருவர். இப்போது சொல்லுங்கள், இது இரவல் வாங்கிய கருவியா? கேள்வி 1951-லேயே இருந்தது. கத்திதான் தாமதமாக வந்தது. 2005-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரைன்ஹார்ட், குலமையர் குழுவினர் தக்காளித் தண்டு நுனியில் நுண் அறுவையாலும் லேசராலும் சோதித்து, சஸ்ஸெக்ஸ் சொன்னதை உறுதிப்படுத்தினார்கள். ஆக்குத்திசுவின் மேல்தோல் அடுக்கைச் சிதைத்தாலே இலை உருண்டையாகிறது என்றும் காட்டினார்கள். (இவர்கள் லேசரால் செல்லை அழித்தார்கள், எடுக்கவில்லை. ஒரே ஆயுதம், வேறு பயன்.)

அதே ஆக்குத்திசுவை முழுசாகப் படிக்கும் வேலையை மக்காச்சோளத்தில் ஷ்னேபிள் குழுவினரும் கூட்டாளிகளும் 2007-ல் செய்தார்கள். லேசரால் தண்டு நுனி ஆக்குத்திசுவை எடுத்து, அப்போது புதிதாக வந்திருந்த 454 வரிசையாக்க இயந்திரத்தில் கொடுத்தார்கள். 2,60,000-க்கும் மேற்பட்ட துண்டு வரிசைகள் கிடைத்தன. அவற்றில் சுமார் 400 மரபணுப் படிகளுக்கு அன்றைக்கு வேறெந்த உயிரினத்திலும் ஒப்புமை கிடைக்கவில்லை. மைக்ரோஅரேயில் நமக்கு ஏற்கனவே தெரிந்த மரபணுவைத்தான் தேட முடியும். இங்கே தெரியாததும் தானாக வந்து விழுந்தது.

நம் ஊர் விவசாயிகளுக்கு நேரடியாகப் புரியும் ஒரு பயன்பாடும் உண்டு. தக்காளி வேரைப் பிடுங்கிப் பார்த்தால் சில சமயம் மணி மணியாக வீங்கியிருக்குமே, அது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. புழு வேருக்குள் போய்ச் சில செல்களை ராட்சத செல்களாக மாற்றி, அவற்றிலேயே வாய் வைத்து உறிஞ்சி வாழும். முழு வேரில் இந்த செல்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. 2004-ல் ஆஸ்திரேலியாவில் ராம்சே, ஜோன்ஸ் முதலானோர் இந்த ராட்சத செல்களை லேசரால் தனியே எடுத்தார்கள். 2005-ல் சோயாவைத் தாக்கும் வேறொரு நூற்புழுவின் தீனிக்கூடத்தை அமெரிக்காவில் கிளிங்க் குழு எடுத்தது. வேரை அரைத்திருந்தால் இந்த செல்கள் ஆயிரக்கணக்கான சாதாரண செல்களுக்குள் கரைந்துபோயிருக்கும்.

2009-ல் யேல் பல்கலைக்கழகத்தின் டெங், நெல்சன் குழுவினர் நெற்செடியின் 40 வகை செல்களின் மரபணு வெளிப்பாட்டை ஒரே வரைபடமாக வெளியிட்டார்கள். தண்டு, வேர், முளைக்கும் விதை எல்லாவற்றிலிருந்தும் லேசரால் எடுத்தவை. ஏழே வருடத்தில் ஃபுளோயம் என்ற ஒற்றை அறையிலிருந்து வீட்டின் முழு வரைபடத்துக்கு வந்துவிட்டார்கள்.

போட்டி முறை இல்லையா? உண்டு. யேல், அயோவா கட்டுரைகள் வந்த அதே 2003-ல் பர்ன்பாம், பென்ஃபி குழுவினர் அராபிடாப்சிஸ் வேருக்கு ஒரு வரைபடம் போட்டார்கள். குறிப்பிட்ட செல் வகை மட்டும் பச்சையாக ஒளிரும்படி செடியை மாற்றி, என்சைம் ஊற்றிச் சுவரைக் கரைத்து, வெளிவரும் புரோட்டோபிளாஸ்டுகளில் பச்சையை மட்டும் இயந்திரத்தால் பிரித்தார்கள். வேகமான வழி. 2019-ல் ஒன்றன்பின் ஒன்றாகப் பல ஆய்வகங்கள் இதே புரோட்டோபிளாஸ்ட் வழியில் ஒற்றை செல் வரிசையாக்கத்தை அராபிடாப்சிஸ் வேரில் செய்து, ஆயிரக்கணக்கான செல்களைத் தனித்தனியாகப் படித்துவிட்டன. அதற்குப் பிறகு லேசர் முறையைக் கிழவன் என்று சொல்பவர்கள் உண்டு.

எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. சுவரைக் கரைப்பது செல்லுக்குச் சாதாரண விஷயமல்ல, காயம் பட்ட மாதிரி. அந்த அதிர்ச்சியிலேயே பல மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். 2003-லேயே பர்ன்பாம் குழு அப்படி விழித்தவற்றைத் தனியாகக் கண்டுபிடித்துக் கழிக்க வேண்டியிருந்தது. ஆழத்தில் உள்ள வாஸ்குலார் செல்கள் எளிதில் வெளியே வராது, மரத்தன்மை ஏறிய சுவரை என்சைம் அசைக்கவே அசைக்காது. எல்லாவற்றுக்கும் மேல், வெளியே வந்த உருண்டைக்கு முகவரி கிடையாது. அது எந்த இடத்தில் யாருக்குப் பக்கத்தில் இருந்தது என்பதைத் தெரிந்த மரபணுக்களை வைத்துக் கணினிதான் ஊகிக்க வேண்டும். லேசரில் முதலில் முகவரி, பிறகுதான் செல். பதிலுக்கு விலை கொடுக்க வேண்டும்: மணிக்கணக்கில் கண் வலிக்க நுண்ணோக்கியில் உட்கார வேண்டும், சீவும்போதே பல செல்கள் பாதியாக வெட்டுப்பட்டிருக்கும், இயந்திரத்தின் விலையும் சாதாரணக் கல்லூரிக்குக் கட்டுப்படியாகாது.

கட்டுப்படியாகாதவர்களுக்கு ஸ்வீடன்காரர்கள் ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். ஊமியோ நகரில் சண்ட்பெர்க் குழுவினர் 1996-ல் பைன் மரத்தின் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள காம்பியப் பகுதியை, உறைநிலை மைக்ரோடோமில் மேலிருந்து உள்ளே மெல்லிய ஏடுகளாகச் சீவி, ஏடு ஏடாக ஆக்சினை அளந்தார்கள். 2001-ல் பாப்லர் மரத்தில் அதே மாதிரி சீவி, ஒவ்வொரு ஏட்டிலும் எந்த மரபணு வெளிப்படுகிறது என்று வரிசையாகப் படித்தார்கள். காம்பியத்தில் செல்கள் அடுக்கடுக்காக ஒழுங்காக இருப்பதால் ஓர் ஏடு என்றால் ஏறக்குறைய ஒரே வயது செல்கள். லேசரே தேவைப்படவில்லை, ஒரு நல்ல பிளேடு போதுமாக இருந்தது.